கூலி: ஆள் நீங்கிய சொல்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அக்கால மலாயாத் தோட்டத்துரைமார் வழக்கில், கொழுந்து கிள்ளிய தமிழர் ‘கூலிகள்’. அவர்தம் குடியிருப்பு ‘கூலி லயம்’. தமிழ்ச்சொல் ஒன்றே தமிழருக்கு இழிபெயராயிற்று.

இச்சொல்லின் பிறப்பிடம் யாது? யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, மேலைக்கடற்கரைப் பகுதியில் வாழும் ‘கோலி’ என்னும் குலப்பெயருக்கே முதலிடம் தருகின்றது. ஊதியம் எனப் பொருள்படும் தமிழ்க் ‘கூலி’யை, ஆய்வைச் சிக்கலாக்கும் செய்தியாகவே அவர்கள் காண்கின்றனர். போர்த்துக்கீசியர் முதலில் பழகியது மேலைக்கரையாதலின் அக்கருத்தை அறவே தள்ளுதல் இயலாது. ஆயினும் குலப்பெயர் ஒன்று ‘கூலிக்கு உழைப்பவன்’ என்னும் பொருளை எங்ஙனம் பெற்றது என்னும் வினாவிற்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் ‘கூலி’யே நேரிய விடை. இரண்டும் துறைமுகங்களில் கலந்தன என்பதே பொருந்தும். இனி, கூலமாகிய தானியம் கொடுத்தமையால் கூலி ஆயிற்று என்பாரும் உளர். நெல்லே ஊதியமாயிருந்த நாட்டில் அது செவிக்கு இனிக்கின்றது. ஒலி ஒப்புமை மட்டும் சான்றாகிவிடாது.

பிறப்பினும் திரிபே கருதத்தக்கது. வள்ளுவர் 619ஆம் குறளில், தெய்வம் உதவாவிடத்தும் முயற்சி தவறாது தரும் பயனைக் ‘கூலி’ என்கின்றார். உழைத்தவனுக்கு உரிமைப் பொருள் அது. பெறுபவனைத் தமிழ் ‘கூலியாள்’ என்றது. பிறமொழிகளில் ‘ஆள்’ மறைந்தது, கூலி நின்றது. இதனை ஆகுபெயர் என இலக்கணத்தில் அடக்கிவிடலாம். ஆயின் பெறவேண்டிய பொருளே பெறுபவனுக்குப் பெயரானபின், பெறவேண்டியது யாதென்று கேட்பார் இலர். தமிழிலும் பின்னர் அவ்வழக்கே புகுந்தது வருந்தத்தக்கது.

மலாய்மொழியில் ஊதியத்துக்கு ‘ஊப்பா’ என்னும் சொல் இருத்தலின், ‘கூலி’ ஆளை மட்டுமே சுட்டி அங்கு வழங்குகின்றது. சீனர் அதனைத் துன்பம், வலிமை எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். ஒலியைக் காத்துக்கொண்டே உண்மையையும் உரைத்த எழுத்துப்பெயர்ப்பு அது! தென்னாப்பிரிக்காவிலோ அஃது இந்தியர் அனைவர்க்கும் வசைச்சொல்லாயிற்று; வழக்கறிஞராகச் சென்ற காந்தியடிகளும் ‘கூலி பாரிஸ்டர்’ எனப்பட்டார்.

மலாயாவில் ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள்சேர்ப்பும் 1938இல் நின்றது. இன்று கேமரன் மலைச் சரிவுகளில் கொழுந்து எடுப்போருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உளர். வங்காளியில் ‘குலி’ என்றால் சுமைதூக்கி. நேப்பாளியிலும் ‘குல்லி’ அப்பொருளதே.