ஆயில் வழியில் ஒரு மரை

காற்றால் குளிரும் இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்கள் ஒரு பங்கு சூட்டைக் காற்றில் விடும். பிஸ்டனுக்கு அடியிலும் பேரிங்கிலும் சேரும் சூட்டை ஆயில்தான் அள்ளிக்கொண்டு வர வேண்டும். அதனால் இப்படிப்பட்ட இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது, போர் எவ்வளவு, பிஸ்டன் எந்த ஓவர்சைஸ் என்று பேசுவதற்கு முன்பே ஆயில் ஓடும் வழிகளைப் பேசியாக வேண்டும் என்பது என் கட்சி. நம் பட்டறைகளில் அந்தப் பேச்சு கடைசியில்தான் வருகிறது.

கிராங்க்கேஸை வார்த்தபின் ஆலையில் வெளியிலிருந்து நீளமாகத் துளை போடுகிறார்கள். அது உள்ளே போய் மற்றத் துளைகளைச் சந்திக்கும். வெளியே திறந்து நிற்கும் வாயில் ஒரு சிறு உலோக அடைப்பை அடித்து இறுக்கி மூடிவிடுவார்கள். அடைப்புக்குப் பின்னால் கொஞ்ச இடம் முட்டுச்சந்தாக நிற்கும். ஆயில் அங்கே ஓடாமல் தேங்கும். கரியும் உலோகத் தூளும் அங்கேதான் படியும். இன்ஜினைப் பிரிக்கும்போது அந்த அடைப்பை ட்ரில் போட்டு எடுத்து, வழியைச் சுத்தம் செய்து, துளையின் வாயில் மரை வெட்டி, திருகும் பிளக் போட்டு மூடுவது ஒரு பழக்கம். வோக்ஸ்வேகன் பீட்டில் இன்ஜின் கட்டுகிறவர்களிடம் உலகெங்கும் இது பல பத்தாண்டுகளாக ஊறியிருக்கிறது.

கடலூர்–சிதம்பரம் சாலையில் பீட்டில் அரிது. ஆனால் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் இங்கே ஏராளம். முதுநகரிலிருந்து முடசல்ஓடை வரை ஃபைபர் படகுகளில் பூட்டிய லாங் டெயில் டீசல் இன்ஜின்களில் பலவும் காற்றால் குளிர்பவை. அடைப்பைத் திறப்பதா, விடுவதா என்ற கேள்வி இவற்றைக் கட்டுகிறவர்களுக்கும் உண்டு.

திறக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கரையில் உள்ள காரணம் வேறு எங்கும் இவ்வளவு வலுவாக இருக்காது. 2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறி வந்தது. 2015 நவம்பரில் ஊரே மூழ்கியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், சாத்தனூர் அணை திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. மூழ்கிய இன்ஜினுக்குள் தண்ணீர் தனியாகப் போவதில்லை. வண்டலும் நுண்மணலும் கூடவே போகும், கடல் நீரானால் உப்பும் சேரும். டீசல் ஊற்றிக் கழுவி, கம்ப்ரசர் காற்று அடித்தால் நேர்வழி சுத்தமாகும். முட்டுச்சந்தில் இருப்பது அங்கேயே இருக்கும். பிறகு புது பேரிங், புது ரிங், புது ஆயில் எல்லாம் போட்டு ஓட்டினால், சூடேறி இளகிய ஆயில் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பிப் புது பேரிங்குக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். பேரிங் மட்டம், டூப்ளிகேட் என்று பழி வேறு எங்கோ விழும். மூழ்கி எழுந்த இன்ஜினில் அடைப்பைத் திறக்காமல் கட்டுவது பாதி வேலை என்று நான் தயங்காமல் சொல்வேன்.

சிக்கல் மரை வெட்டும் இடத்தில் தொடங்குகிறது. நம் பட்டறைகளின் கை வார்ப்பிரும்பில் பழகியது. பம்ப்செட் ஆயில் இன்ஜின், டிராக்டர், லாரி என்று இரும்பு பிளாக்கில் மரை வெட்டித் தேர்ந்தவர்கள் அவர்கள். வார்ப்பிரும்பில் ஸ்டீல் பிளக் போட்டால் இரண்டும் சூட்டில் ஏறக்குறைய ஒரே அளவு விரியும். பீட்டிலின் கேஸ் பெரும்பாலும் மெக்னீசியக் கலவை. 10 மி.மீ. துளையை 100 டிகிரி சூடாக்கினால் மெக்னீசியம் 0.026 மி.மீ. விரியும், உள்ளே இருக்கும் ஸ்டீல் பிளக் 0.012 மி.மீ.தான் விரியும். அலுமினியப் பிளக் 0.023 விரிந்து கேஸோடு ஏறக்குறைய சேர்ந்தே போகும். ஆலை மென்மையான அலுமினிய அடைப்பை வைத்ததன் நியாயம் இந்தக் கணக்கில் தெரிகிறது. அதை எடுத்துவிட்டு, கெட்டியாக இருக்கட்டும் என்று ஸ்டீல் பிளக்கை முறுக்கி ஏற்றினால், குளிர்ந்த நிலையில் கேஸில் விரிசல் விழ வழி செய்கிறோம், சூட்டில் கசியவும் வழி செய்கிறோம். புல்லட்டின் அலுமினியக் கேஸில் இந்த வித்தியாசம் சற்றுக் குறைவு. இல்லை என்று சொல்ல முடியாது.

பிளக்கின் வடிவம் இன்னொரு பொறி. பைப் மரை கூம்பாகச் சரிந்து வருவது. 16-க்கு 1 என்பது அதன் சரிவு. திருகத் திருக அது ஆப்பு மாதிரி விரித்துக்கொண்டே போகும். இரும்பு தாங்கும், மெல்லிய மெக்னீசியச் சுவர் தாங்காது. அதோடு அமெரிக்காவிலிருந்து வரும் பீட்டில் கிட்டில் உள்ள பிளக் என்.பி.டி. மரை, நம் ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.எஸ்.பி. கால் அங்குலத்தில் முன்னதற்கு அங்குலத்துக்கு 18 மரை, பின்னதற்கு 19. மரையின் கோணமும் 60 டிகிரி, 55 டிகிரி என்று வேறு. ஒன்றின் டேப்பால் வெட்டிய துளையில் மற்றதன் பிளக் இரண்டு சுற்று நன்றாகவே போகும். பிறகு இறுகும். ஏறிவிட்டது என்று கை நம்பும், ஆனால் சில பற்கள் மட்டுமே பிடித்திருக்கும். கசிவை நிறுத்தப் பிளம்பர் சுற்றும் வெள்ளை டெஃப்லானைச் சுற்றினால் அதன் நார் பிய்ந்து ஆயில் வழிக்குள்ளேயே போகும். நேர் மரை வெட்டி, அலுமினியத் திருகு போட்டு, மரைப்பசை தடவி நிறுத்துவது என் பார்வையில் மேல். திருகு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை முன்பே அளந்து வைக்க வேண்டும். ஒரு சுற்று கூடினால் குறுக்கே வரும் துளையின் வாயை அது மறைத்துவிடும், அந்தப் பக்கத்துப் பேரிங் ஆயிலின்றிக் கருகும்.

இந்தப் பழக்கத்தின் ஆகப் பெரிய குறை வேறொன்று: அழுக்கை எடுக்கச் செய்யும் வேலையே புது அழுக்கை உண்டாக்குகிறது. ட்ரில்லும் டேப்பும் வெட்டிய பிசிறு துளைக்குள்தான் விழுகிறது. பழைய கரியைவிட அது கூர்மையானது, கெடுதலும் கூட. டேப்பில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று போய், திருப்பி, வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போவது என்று பொறுமையாகச் செய்தால் பிசிறில் பெரும்பகுதி கிரீஸில் ஒட்டி வெளியே வரும். மீதிக்கு நீளமான பிரஷ் வேண்டும். மெக்னீசியப் பிசிறு தீப்பிடிக்கும் என்பதையும் பட்டறையில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ இன்னும் மூர்க்கமாகும், உலர்ந்த மணல் போட்டுத்தான் அணைக்க வேண்டும்.

மரை வெட்டுவதற்கு இன்னொரு நோக்கமும் உண்டு. பீட்டிலில் ஆயிலை வடிகட்ட ஆலை வைத்தது ஒரு கம்பி வலை மட்டுமே, 2.5 லிட்டர் ஆயில் நுண்தூளோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பம்ப்பின் உள்வழியை அடைத்து, ஆயிலை ஹோஸ் மூலம் வெளியே எடுத்து, ஃபில்டரில் விட்டு, பிரதான ஆயில் வழியில் வெட்டிய மரை வழியே திரும்ப உள்ளே அனுப்புவார்கள். இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மெக்சிகோவில் 1990-களில் செய்த பீட்டிலில் நிறுவனமே திருகும் ஃபில்டரைச் சேர்த்தது. எதிர்வாதமும் உண்டு: ஃபில்டர், அழுத்தம் தணிக்கும் வால்வுக்கு முன்னால் வந்துவிடுவதால், குளிரில் கெட்டியான ஆயில் முழு அழுத்தத்தோடு அதை மோதும். ஐரோப்பியக் குளிர்காலத்தில் அது மெய்யான கவலை. மார்கழி விடியலிலும் உறையாத கடலூரில் அவ்வளவு இல்லை. இங்கே பயப்பட வேண்டியது ஹோஸுக்குத்தான். வெயிலிலும் உப்புக்காற்றிலும் ரப்பர் வெடிக்கும், கிளிப் துருப்பிடிக்கும். ஹோஸ் பிய்ந்தால் மொத்த ஆயிலும் சாலையில்தான்.

ஆகவே எல்லா இன்ஜினுக்கும் ஒரே விதி என்பதை நான் ஏற்க மாட்டேன். தண்ணீர் புகாத, ஃபில்டர் உள்ள, பேரிங் சீராகத் தேய்ந்த புல்லட்டில் ஆலை அடைப்பைத் தொடாமல் விடுவதே நல்லது. மூழ்கியதையும், பேரிங் அரைபட்டுத் தூள் பரவியதையும் திறந்தே ஆக வேண்டும். ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் மூன்று டேப்பை வரிசையாக இறக்கி மரை வெட்டக் கற்றவர்களிடம் அடிப்படைத் திறமை இருக்கிறது. இரும்பில் கற்ற அந்தக் கை, வண்டியின் கேஸில் இறங்குவதற்கு முன் பழைய உடைந்த அலுமினியக் கேஸில் பழக வேண்டும், அவ்வளவே.

இந்த வேலை சரியாக நடக்காததற்குத் திறமைக்குறைவைவிடக் கூலிமுறைதான் காரணம் என்று நினைக்கிறேன். போர் போட்டதற்கு, பிஸ்டன் மாற்றியதற்கு, வால்வு உட்கார வைத்ததற்கு எல்லாம் பில்லில் கூலி உண்டு. ஒவ்வொரு ஆயில் வழியிலும் பிரஷ் விட்டு, வெளிச்சம் பிடித்துப் பார்த்து, பம்ப்பைக் கையால் சுற்றி ஆயில் ஒவ்வொரு பேரிங்குக்கும் வருகிறதா என்று நிச்சயம் செய்யும் அரை நாள் வேலைக்குக் கூலி இல்லை. சும்மா செய்ய வேண்டிய வேலையை அவசரத்தில் யாரும் விட்டுவிடுவார்கள். பட்டறைக்காரர் அதற்குத் தனியாக ஒரு தொகை கேட்க வேண்டும். வண்டிக்காரரும் படகுக்காரரும் கேஸை மூடுவதற்கு முன் வந்து கண்ணால் பார்த்து, பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.