முழத்துக்கு எதற்குத் தசமப் புள்ளி?

காஞ்சிபுரத்தில் என்னிடம் படிக்கும் மாணவர் ஒருவர், ஆறு கஜச் சேலையின் நீளம் 5.4864 மீட்டர் என்று வீட்டில் கணக்கிட்டுச் சொன்னாராம். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் அவருடைய தந்தை சிரித்துவிட்டாராம். பெருக்கலில் பிழை இல்லை. பின் ஏன் சிரித்தார்? குற்றம் மாணவருடையது அன்று. அவர் பார்த்த அட்டவணையுடையது.

அந்த அட்டவணையை நீங்களும் கைடுகளிலும் நாட்காட்டிகளிலும் பார்த்திருப்பீர்கள். 1 சாண் = 22.86 செ.மீ.; 1 முழம் = 45.72 செ.மீ.; 1 கஜம் = 91.44 செ.மீ. மூன்று வரிகளிலும் ஒரே சமக்குறி. ஆனால் அது மூன்று இடத்திலும் ஒரே பொருளைத் தரவில்லை.

கஜத்தின் வரி முற்றிலும் சரியானது. 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஆறு நாடுகள் ஒரு கஜம் என்பது 0.9144 மீட்டர் என்று உடன்பட்டன. இது அளந்து கண்ட எண் அன்று, வரையறுத்துக்கொண்ட எண். ஆகவே அதில் பிழை எல்லை என்ற பேச்சே இல்லை.

முழம் அப்படியா? முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளமே முழம். ஒரு நாடாவை எடுத்து வீட்டிலுள்ள நான்கு பேருக்கு அளந்து பாருங்கள். நான்கு விடை கிடைக்கும். துணி வணிகத்தில் இரண்டு முழம் ஒரு கஜம் என்று வைத்துக்கொண்டார்கள். அட்டவணை செய்தவர் 91.44-ஐ இரண்டால் வகுத்தார். முழத்துக்கு இரண்டு தசமப் புள்ளி முளைத்துவிட்டது! ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் இப்படி எழுதினால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

முழம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் திருமேனிகளின் உயரத்தை முழமும் விரலுமாகக் குறிக்கின்றன. அவை கோயிலில் இருந்த முழக்கோலால் அளக்கப்பட்டவை என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. எந்த முழம் என்று சொல்லாமல் எத்தனை முழம் என்று சொல்வதில் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் அட்டவணை அந்த ஒரு குறிப்பைத்தான் விட்டுவிட்டது.

சேலைக்கு வருவோம். 5.4864 என்பதில் கடைசி 4 எதைக் குறிக்கிறது? 0.4 மில்லிமீட்டரை. தறியில் பாவு இழுவிசையில் நிற்கிறது. அறுத்து இறக்கியதும் துணி சற்றே தளர்ந்து சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தின் முன் 0.4 மில்லிமீட்டர் எம்மாத்திரம்? நெசவாளர் சிரித்தது இதற்காகத்தான். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் என்பதே இங்கு அறிவியல் முறையிலான விடை. (ரவிக்கைத் துணி இதில் சேராது.)

தேவையற்ற இடத்தில் நுட்பம் காட்டும் இந்த அட்டவணைகள், தேவையான எச்சரிக்கையைத் தருவதில்லை. கஜமும் மீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைப்பவர் பலர். ஆறு கஜத்துக்கும் ஆறு மீட்டருக்கும் வேறுபாடு 51 செ.மீ.; ஒரு முழத்துக்கும் மேல். மடிசாருக்கு ஒன்பது கஜம் வேண்டும், அது 8.23 மீட்டர். முழு எண்ணாக இருக்கட்டும் என்று எட்டு மீட்டர் வாங்கினால் ஒரு சாண் குறையும். கட்டுகிறவருக்குத்தான் அந்தச் சாணின் அருமை தெரியும்.

அட்டவணையை நீக்கச் சொல்லவில்லை. கஜத்தின் வரி அப்படியே இருக்கட்டும். முழத்துக்கு எதிரே "ஏறக்குறைய 45 செ.மீ.; துணிக்கடை வழக்கில் அரை கஜம்" என்று அச்சிட்டால் போதும். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த பிறகும் எட்டு முழ வேட்டி என்ற பெயர் போகவில்லை, போகவும் வேண்டாம். அரை கஜக் கணக்குப்படி அது 3.66 மீட்டர். அடுத்த முறை வாங்கும்போது முழத்தின் எண்ணோடு நின்றுவிடாமல், உறையில் அச்சிட்டுள்ள மீட்டரையும் பாருங்கள்.