டோல்கேட்டைத் தொடாமல் திரும்புகிறவர்

ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னில் ஒருவர் எடுக்கும் ஒரே ஒரு முடிவைப் பற்றித்தான் இந்த வாரம். சென்னை ஈசிஆரில் வழக்கமாக ஓடுகிறவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும், பெயர் வேண்டாம். அதிகாலை நான்கு மணிக்குத் திருவான்மியூரிலிருந்து குழுவோடு கிளம்புவார். ஐந்தே கால் ஆனதும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவார். உத்தண்டி டோல்கேட் விளக்கு கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும். "இன்னும் கொஞ்சம்தான் சார், தொட்டுட்டு வந்துரலாம்" என்று கூட வந்தவர்கள் கூப்பிடுவார்கள். கையை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு வடக்கே ஓடத் தொடங்கியிருப்பார்.

இதனால் அவருக்குக் குழுவில் கிடைத்திருக்கும் பட்டம், 'சின்சியாரிட்டி போதாது'. கால் இருக்கிறது, வேகம் இருக்கிறது, வெறி இல்லை என்கிறார்கள். ஸ்ட்ராவா செயலியில் அவருடைய ஓட்டம் 23.4 கிலோமீட்டர் என்று நிற்பதைப் பார்த்தால் சிலருக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்காது. வீட்டுத் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி 24 ஆக்கியிருக்க வேண்டாமா? (ஆக்குகிறவர்களை நமக்குத் தெரியும். வாட்சைப் பார்த்தபடியே அடுக்குமாடிக் கார் பார்க்கிங்கில் வட்டமடிப்பவர்களும் உண்டு.)

என்னைக் கேட்டால், அந்தக் குழுவில் மாரத்தான் ஓடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

முதலில் அந்த 32 கிலோமீட்டர் பித்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிற யாரைக் கேட்டாலும், டேப்பருக்கு (பந்தயத்துக்கு முன் ஓட்டத்தைக் குறைக்கும் வாரங்களுக்கு) முன்னால் ஒரு 32 கிலோமீட்டராவது போட்டாக வேண்டும் என்பார். ஏன் 32? இருபது மைல், அவ்வளவுதான். மைலில் எண்ணுகிற நாட்டுக்காரர்களுக்கு அது வசதியான முழு எண். அதை நாம் கிலோமீட்டராக மாற்றி வேதமாக்கிக்கொண்டோம். மாரத்தானின் தூரமே அப்படி வந்ததுதான். 1896 ஏதென்ஸில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓடினார்கள். 1908 லண்டனில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பம் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று ஏற்பாடு செய்ததில் 42.195 ஆயிற்று, 1921-இல் அதுவே நிலைத்தது. பந்தய தூரத்தை நம்மால் மாற்ற முடியாது, சரி. பயிற்சி தூரத்தையுமா கும்பிட வேண்டும்?

முன்னணி வீரர்கள் 32 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை நிமிடம் எடுத்துக்கொள்கிற நம் ஆளுக்கு அது கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம். எண் ஒன்றுதான், உடம்பு படும் பாடு வேறு. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் லாங் ரன்னுக்கு இரண்டரை மணி நேரம் என்று வரம்பு கட்டியது இதனால்தான். அதைத் தாண்டினால் வருகிற லாபம் கொஞ்சம். களைப்பும் காயமும் நிறைய. புதன்கிழமை டெம்போ ஓட்டமும் அதோடு போச்சு. சென்னைப் புழுக்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். நான்கிலிருந்து ஆறரை வரை ஓடுகிற நம் ஆள் அந்த வரம்பில் துல்லியமாக நிற்கிறார்.

ஆனால் அவர் டேனியல்ஸைப் படித்துவிட்டுத் திரும்பவில்லை. ஆறரைக்கு வந்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார், அதனால் திரும்புகிறார். ஆறே முக்காலுக்கு அவர் மனைவி பாட்மின்டன் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், கண் விழித்ததும் காபி கேட்கிற அம்மா.

இந்த மாதிரி மணிக்கணக்கில் இழுக்கிற விளையாட்டுகளெல்லாம் சுயநலம்தானே என்று ஓடாதவர்கள் கேட்கிறார்கள். ஓடுகிறவர்கள் தரும் பதில்கள் எனக்கு அதைவிடக் கடுப்பு. ஒன்று, "தண்ணி அடிக்கலையே, சீட்டு ஆடலையே." இது பதிலே இல்லை. இன்னொன்று, "எல்லாம் உடம்புக்காகத்தான்." உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி, கடுமையானது என்றால் அதில் பாதி போதும். மாரத்தான் பயிற்சியில் ஒரு ஞாயிறு காலையிலேயே அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். மீதி வாரம் முழுக்க ஓடுவது ஆசைக்காக. ஆசைப்படட்டும், நானும் அந்தக் கட்சிதான். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி பேச வேண்டாம்.

மூன்றாவது பதில்தான் கெட்டிக்காரத்தனமானது: "எல்லாரும் தூங்கும்போதுதானே போறேன், யாருக்கு என்ன நஷ்டம்?" வாட்சை நிறுத்தியதோடு லாங் ரன் முடிந்தால் சரிதான். பிறகு குழுப் படம், பொங்கல் வடை, ஃபில்டர் காபி, யாருக்கு எந்த ஷூ ஒத்துக்கொள்கிறது என்ற மாநாடு. ஒன்பது மணிக்கு வீடு. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மாலை வரை ஆளை எழுப்பக்கூடாது. ஓடியது மூன்று மணி நேரம். வீடு கொடுத்தது ஒரு ஞாயிறு. ஒருவர் எத்தனை மணி நேரம் ஓடுகிறார் என்பது எனக்குப் பொருட்டே இல்லை. சொன்ன நேரத்தைக் கேட்காமல் நீட்டுகிறாரா என்பதுதான் கேள்வி. ஐந்தே காலுக்கு டோல்கேட் விளக்கு தெரிகிற இடத்தில் அது தீர்மானமாகிறது.

பந்தயமும் அதே இடத்தில்தான் தீர்மானமாகிறது. மாரத்தானில் முக்கால்வாசிப் பேர் கெடுவது முதல் பாதியில், கால் லேசாக இருக்கும்போது கணக்கை மீறுவதால். உடம்பில் சேர்த்து வைத்த கிளைகோஜன் முப்பது கிலோமீட்டரைத் தாண்டும்போது வற்றுகிறது. அதுவரை சம்பாதித்ததாக நினைத்த நிமிடங்களுக்கெல்லாம் அதற்கப்புறம் வட்டி கட்ட வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விடத் தெரிந்த தொடக்க ஆட்டக்காரரைப் போல, ஓட முடிகிறபோதும் ஓடாமல் இருக்கத் தெரிந்தவருக்கான ஆட்டம் இது. டோல்கேட்டைத் தொடாமல் திரும்ப முடிகிறவருக்கு ஐந்தாவது கிலோமீட்டரில் யாரோ தாண்டிப் போனால் பின்னால் ஓடத் தோன்றாது. தொட்டே ஆக வேண்டும் என்கிறவரால் அங்கே சும்மா இருக்க முடியாது.

இதில் வேடிக்கை, அவரை விமர்சிக்கிறவர்கள் கண்ணில் இன்னொன்று படவே இல்லை. குழுவில் உள்ள பெண்கள் ஆரம்பத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துத்தான் திரும்புகிறார்கள். பால் காய்ச்ச வேண்டும், பிள்ளையை டியூஷனுக்கு எழுப்ப வேண்டும். சுயநலம் என்ற சொல் ஆண்களைவிட அவர்கள் மேல் சீக்கிரம் விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் அப்படித் திரும்புவதை யாரும் உத்தி என்று சொன்னதில்லை. மாரத்தான் முடிவுகளைத் திரட்டி ஆராய்ந்தவர்கள், பெண்கள் சராசரியாக ஆண்களைவிடச் சீரான வேகத்தில் ஓடுகிறார்கள், இரண்டாம் பாதியில் குறைவாகத் தளர்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். காரணமாக உடலியலைச் சொல்கிறார்கள், மனப்போக்கையும் சொல்கிறார்கள். கடிகாரத்துக்குள் ஓடிப் பழகியதும் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

அயர்ன்மேன்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தலையாட்ட வேண்டாம். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குமேல் ஒரு முழு மாரத்தான். அதற்கான பயிற்சி ஆறரைக்கு முடியாது. நீண்ட தூர சைக்கிள் பிரெவேயும் அப்படித்தான்: 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் கொடுக்கிறார்கள், சனி ஞாயிறு இரண்டும் காலி. அவற்றில் திரும்பும் நேரம் ஈசிஆரில் தீர்மானமாவதில்லை, நுழைவுக் கட்டணம் கட்டுகிற அன்றைக்கே தீர்மானமாகிவிடுகிறது. பணம் கட்டிவிட்டு வீட்டில் சொல்கிறவர்களுக்காக வாதாட என்னால் முடியாது.

சரி, ஜனவரிக்கு வருவோம். நம் ஆள் ஒரு 32 கூட ஓடாமல் தொடக்கக் கோட்டில் நிற்பார். பதினைந்தாவது கிலோமீட்டரில் குழுவில் பாதிப் பேர் அவருக்கு முன்னால் இருப்பார்கள், வாட்ஸ்அப்பில் கேலியும் ஓடும். 34-க்கு மேல் ஒவ்வொருவராகப் பின்னால் விடுவார். டோல்கேட் கோஷ்டியில் மூன்று பேராவது கடைசி ஐந்து கிலோமீட்டரை நடந்து முடிப்பார்கள். அவர் தன் சொந்த நேரத்தைப் பத்து நிமிடமாவது குறைப்பார். மழை கெடுத்தால் ஐந்து. அதற்கடுத்த சீசனில் குழுவில் இரண்டு மூன்று பேர் ஐந்தே காலுக்குத் திரும்பத் தொடங்குவார்கள், அதை அவர்களே கண்டுபிடித்த மாதிரி பேசுவார்கள். அவர் மனைவி பாட்மின்டனை விட்டுவிட்டு ஓட வந்தால் அவரைவிட நன்றாக ஓடுவார் என்றும் தோன்றுகிறது.

குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வார அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 32 கி.மீ. என்று போடாமல், இரண்டரை மணி நேரம் என்று போட்டுப் பாருங்கள்.