கருவி காட்டும் சொல்லும் ஆசிரியர் ஊட்டும் பொருளும்

உமறுப் புலவரின் சீறாப்புராணம் இன்று கணிப்பொறியிலும் கைபேசியிலும் படிக்கக் கிடைக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பிற தமிழ் நூல்களோடு அதனையும் மின்பதிப்பாக்கி, விலையின்றி வழங்கி வருகிறது. 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அப்பெருங்காப்பியம், அச்சு நூல் வாங்க இயலாத மாணவனின் கைக்கும் எட்டிவிட்டது. நன்றியோடு வரவேற்கத்தக்க தொண்டு இது. ஆயினும், நூல் கைக்கு வந்தது என்பதும் நூல் கற்கப்பட்டது என்பதும் ஒன்றாகிவிடுமா?

முதலில் தேடுதலை எடுத்துக்கொள்வோம். ‘அருள்’ என்னும் சொல் காப்பியத்தில் வரும் இடங்களையெல்லாம் மாணவன் கேட்கிறான். கருவி நொடிப்பொழுதில் பட்டியல் தருகிறது. ஆனால், செய்யுளில் சொற்கள் தனித்து நிற்பதில்லையே! ‘நபியின் அருள்’ என்பது புணர்ந்து ‘நபியினருள்’ ஆகும்போது, அகரம் னகர மெய்யின்மேல் ஏறி மறைகிறது. எழுத்தோடு எழுத்தை ஒப்பிட மட்டுமே தெரிந்த கருவிக்கு அங்கே ‘அருள்’ இல்லை. புணர்ச்சி அறியாத மாணவன், பட்டியலில் இல்லாதது காப்பியத்திலும் இல்லை என்றே முடிவு செய்வான். இலக்கணம் கற்றவனுக்கோ அதே கருவி பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

அடுத்து, நம் இலக்கியங்களில் பயிலும் அரபுச் சொற்கள். தமிழ் எழுத்தில் ‘கல்பு’ என்றிருந்தால் அதன் பொருள் என்ன? உள்நாக்கின் அருகே பிறக்கும் காஃபினால் எழுதினால் உள்ளம். மற்றைக் காஃபினால் எழுதினால் நாய்! ‘அலீம்’ என்பது ஐனில் தொடங்கினால் நன்கறிந்தவன். அலிஃபில் தொடங்கினால் நோவினை தருவது. அரபுத் தமிழ் எழுத்து இவ்வேறுபாட்டைக் காத்தது. அதனைப் படிக்கும் பயிற்சி நம் பிள்ளைகளிடம் அருகிவிட்டது. தமிழ் வடிவத்தை மட்டும் திரையில் காணும் பிள்ளைக்கு, இடமறிந்து பொருள் பிரித்துக் காட்ட அரபும் தமிழும் கற்ற ஓர் உஸ்தாத் அருகில் வேண்டும்.

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற செயற்கை அறிவுப் பொறிகள் இன்னும் ஒரு படி கடந்துவிட்டன. அவை பாடலைக் காட்டுவதோடு நில்லாமல் உரையும் கூறுகின்றன. முன்வந்த சொற்களைக் கொண்டு அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கோப்பதே அவற்றின் அடிப்படை. ஆகவே, இல்லாத பாட்டையும் இருப்பதாகத் தயக்கமின்றிச் சொல்லிவிடக் கூடும். ஹதீஸ் கலையில் செய்தியோடு அதன் ஸனதையும் ஆராய்ந்த மரபு நம்முடையது. யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்ற வினாவுக்குப் பொறியின் கோவையான உரைநடை விடையாகாது.

வகுப்பறையில் இப்பொறிகளைப் பயன்படுத்த 13 வயதேனும் நிரம்பியிருக்க வேண்டும் என யுனெஸ்கோ 2023-இல் பரிந்துரைத்தது. நல்ல வரம்புதான், ஆனால் வயது மட்டும் தகுதி தந்துவிடாது. பொறி தந்த விடையை மாணவன் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். “எந்தக் காண்டம்? எந்தப் படலம்? எத்தனையாவது பாட்டு?” என ஆசிரியர் கேட்கட்டும். நூலைத் திறந்து இருவரும் சேர்ந்து சரிபார்க்கட்டும். அப்போது பொறியின் பிழையும் ஒரு பாடமாகும்.

பிள்ளைக்குக் கைபேசி வாங்கித் தரும் பெற்றோர், அவனுக்குப் பாடல் பிரித்துச் சொல்ல ஓர் ஆசிரியர் உண்டா என்றும் கேட்பார்களாக. காப்பியம் கைக்குள் இருந்தும் அதனைப் படிக்கத் தெரியாத தலைமுறை உருவாகுமானால், அக்குறை கருவியினுடையது அன்று, நம்முடையதே.