ஆயில் ஃபில்டர்: எந்தக் காசு இன்ஜினைக் காக்கிறது?

ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கேரளப் பக்கம் கிளம்பும் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் கடனில் ஓடுபவை. மாதத் தவணை, டீசல், டயர், டோல் என்று போனதுபோக மிஞ்சுவதில்தான் சர்வீஸ் செலவு. அந்தச் செலவில் மிகச் சிறிய உருப்படி ஆயில் ஃபில்டர்; விலை சில நூறு ரூபாய். ஆனால் எந்த ஃபில்டர் வாங்குவது, எப்போது மாற்றுவது என்று கேட்டால் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பதில் கிடைக்கிறது. "கம்பெனி ஃபில்டர்தான் போடணும்" என்பார் ஒருவர். "எல்லாம் ஒரே பேப்பர்தான், விலை குறைஞ்சதைப் போடு" என்பார் அடுத்தவர். மூன்றாமவர், "ஆயிலை மட்டும் மாத்து, ஃபில்டரை அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார். இன்னும் சிலர், நைசாக வடிகட்டும் சிந்தெடிக் ஃபில்டர் போட்டால் ஆயிலை இரண்டு மடங்கு தூரம் ஓட்டலாம் என்கிறார்கள். நாலு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் நிதானமாக எடை போட வேண்டியிருக்கிறது.

முதலில் நைஸ் ஃபில்டர் வாதத்தை எடுத்துக்கொள்வோம். கிராங்க் ஷாஃப்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் நிற்கும் ஆயில் படலத்தின் கனம் சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்து அந்த இடைவெளியை யோசித்துக்கொள்ளலாம். அந்தப் படலத்தின் கனத்துக்கு ஒத்த அளவுள்ள மண்துகள்தான் உள்ளே நுழைந்து உராய்ந்து தேய்க்கும். நைசாக வடிகட்டினால் அந்தத் தேய்மானம் குறையும் என்பதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது 1988இல் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த டேவிட் ஸ்டேலி வாகனப் பொறியாளர்களின் எஸ்ஏஇ அமைப்பின் வழியாக வெளியிட்ட ஆய்வு. 40 மைக்ரான் வடிகட்டலோடு ஒப்பிட்டால், 30 மைக்ரானில் இன்ஜின் தேய்மானம் பாதியாகக் குறைந்தது; 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது. விலை கூடிய ஃபில்டரை விற்பவர்கள் இந்த எண்களை விட மாட்டார்கள்.

எண்கள் சரிதான். அவை எப்படிக் கிடைத்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேய்மானம் சீக்கிரம் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்தச் சோதனையில் ஆயிலுக்குள் வேண்டுமென்றே தூசியைக் கலந்தார்கள். வழக்கமாக ஓடும் இன்ஜினுக்குள் அவ்வளவு மண் போவதில்லை. மண் அதிகமாக இருக்கிற இடத்தில் நைஸ் ஃபில்டர் தேய்மானத்தை வெகுவாகக் குறைக்கும் என்பதுதான் அந்த ஆய்வு நிரூபித்தது. மண்ணே குறைவாக வரும் இன்ஜினில், குறைகிற 70 சதவீதமும் ஒரு சின்னத் தொகையின் 70 சதவீதம்தான். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி இது: மண் எந்த வழியாக உள்ளே வருகிறது? முக்கியமாக ஏர் ஃபில்டர் வழியாக. கல்குவாரிப் பாதையிலும் செம்மண் சாலையிலும் ஓடும் வண்டியில், ஏர் ஃபில்டரை பஞ்சர் கடையில் காற்றடித்து, தரையில் தட்டி, திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அதிக அழுத்தக் காற்று பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போடுகிறது. தட்டும்போது ரப்பர் விளிம்பு நெளிந்து மூடியில் சரியாக உட்காராமல் போகிறது. அங்கே நுழைந்த மண்ணை ஆயில் ஃபில்டரில் பிடித்துவிடலாம் என்று நினைப்பது தவறு. ரிங்கையும் லைனரையும் தேய்த்த பிறகுதான் அந்த மண் ஆயிலுக்கே வந்து சேர்கிறது.

பெட்டியில் அச்சடித்திருக்கும் மைக்ரான் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. "20 மைக்ரான்" என்று போட்டிருந்தால், 20 மைக்ரான் துகளில் எத்தனை சதவீதத்தை அது பிடிக்கிறது என்ற அடுத்த கேள்விக்குப் பதில் வேண்டும். பாதியைப் பிடித்தாலும் அந்த எண்ணைப் போடலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டைப் பிடித்தாலும் அதே எண்தான். இதை அளக்கவே பீட்டா விகிதம் இருக்கிறது. பீட்டா 2 என்றால் இரண்டில் ஒன்று தப்பிக்கிறது. பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம் சிக்குகிறது. இதற்கான சோதனை முறை ஐஎஸ்ஓ 4548-12. பிடிக்கும் சதவீதத்தைச் சொல்லாத மைக்ரான் எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

நைஸ் ஃபில்டர் போட்டால் ஆயிலை அதிக தூரம் ஓட்டலாம் என்ற பேச்சை நான் முழுவதுமாக மறுக்கிறேன். டீசல் இன்ஜினில் ஆயிலைக் கறுப்பாக்குவது கரித்துகள். அது ஒரு மைக்ரானைவிட மிகச் சிறியது. வண்டியில் இருக்கிற எந்த ஃபில்டருக்கும் அது சிக்காது. அந்தக் கரி கட்டிக்கொள்ளாமல் மிதக்க வைப்பது ஆயிலில் கலந்திருக்கும் ரசாயனம். எரிபொருள் எரியும்போது உண்டாகும் அமிலத்தைச் சரிக்கட்டுவதும் அதேபோல் ஆயிலில் உள்ள சரக்குதான். இரண்டும் ஓட ஓடத் தீர்ந்துபோகும். ஃபில்டரால் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் பொருத்திய வண்டிகளில், அதில் அடைத்த கரியை எரிப்பதற்காக இன்ஜின் கூடுதலாக டீசலைத் தெளிக்கிறது. அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊருக்கே ஓடும் வண்டிகளில் இது இன்னும் அதிகம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறுவதைப் பார்த்து "நம்ம வண்டி ஆயிலே குடிக்கல" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நீர்த்துப்போன ஆயில். உடனே மாற்ற வேண்டியது.

அடுத்து, ஆயில் ஒரு சர்வீஸ், ஃபில்டர் இரண்டு சர்வீஸுக்கு ஒன்று என்ற வழக்கம். இது வெறும் கஞ்சத்தனத்திலிருந்து வந்ததில்லை. ஹோண்டா தன் சில கார்களுக்கு ஒரு முறை விட்டு ஒரு முறை ஃபில்டர் மாற்றினால் போதும் என்றே சொல்லியிருக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்வரை நன்றாகவே வடிகட்டும். சொல்லப்போனால் கொஞ்சம் அழுக்குப் பிடித்த ஃபில்டர் புதியதைவிட நைசாகவே வடிகட்டும். வாதம் இதுவரை சரி. ஆனால் அது பெட்ரோல் காருக்கான கணக்கு. பர்மிட்டுக்கு மேல் சுமையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் டீசல் பிக்கப்புக்கு அதைப் பொருத்த முடியாது. ஃபில்டர் அடைத்தால் உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். இன்ஜினுக்கு ஆயிலே போகாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. திறந்த பிறகு ஓடுவது வடிகட்டாத ஆயில். எந்த விளக்கும் எரியாது, எந்தச் சத்தமும் வராது. ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. கூடவே, பழைய ஃபில்டருக்குள் கால் லிட்டர் முதல் அரை லிட்டர்வரை கறுப்பு ஆயில் தங்கியிருக்கும். அதையும் புதிய ஆயிலோடு கலக்க விடுகிறோம். ஆயிலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு ஃபில்டரில் மிச்சம் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உண்மையான ஆபத்து டூப்ளிகேட்டில் இருக்கிறது. நல்ல ஃபில்டர் எது, மிக நல்ல ஃபில்டர் எது என்ற வித்தியாசம் இன்ஜினுக்குப் பெரிதாகத் தெரியாது. மான், போஷ், ப்யூரோலேட்டர், மாலே, எலோஃபிக் போன்ற அறியப்பட்ட பெயர்களில் வண்டிக்குரிய சரியான நம்பரில் வாங்கினால் கம்பெனி ஃபில்டருக்கு மாற்றாகத் தாராளமாகப் போடலாம். ஆனால் கம்பெனி பெட்டியையே அச்சடித்து உள்ளே வேறொன்றை வைத்து விற்கிறார்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஹாக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது. இரும்புப் பொடி உள்ளே விழுந்து குழப்பிவிடும். தகரம் வெட்டும் கத்தரியால் விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும். உள்ளே பேப்பர் மடிப்புகள் ஒரே அளவில், நெருக்கமாக, மேலிருந்து கீழ்வரை ஒட்டு விடாமல் இருந்தால் அது நேர்மையான சரக்கு. போலியில் மடிப்புகள் எண்ணிக்கையில் குறைந்து, ஒரு பக்கம் கும்பலாகவும் மறுபக்கம் பல் விழுந்த மாதிரியும் கிடக்கும். பேப்பரின் இரு முனை சேரும் இடத்தில் பசை விட்டுப்போய் விரல் நுழையும் சந்து இருக்கும். அந்தச் சந்து வழியாகப் போகும் ஆயிலுக்கு மைக்ரான் கணக்கே கிடையாது. ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தையும் தொட்டுப் பாருங்கள். சூட்டில் அட்டைபோல் விறைத்துப் போயிருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கேட்ட கடகட சத்தத்துக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். சிலிக்கான் வளையம் சூட்டைத் தாங்கும். கூடுதல் விலை கொடுப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் இதுதான்.

அதே வெட்டில் இன்ஜினின் உடல்நிலையும் தெரிந்துவிடும். பேப்பரை விரித்து வெயிலில் பிடித்தால் வெள்ளிப்பொடி மின்னுகிறதா என்று பார்க்கலாம். காந்தம் இழுத்தால் இரும்பு. இழுக்காமல் பளபளத்தால் பேரிங் அல்லது பிஸ்டன். இன்ஜினை இறக்கும் நிலை வருவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது. செலவே இல்லாத இந்தச் சோதனையை நம் ஒர்க்‌ஷாப்புகள் ஏன் வழக்கமாக்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

கடைக்காரர் "இதுவும் அதே சைஸ்தான்" என்று வேறு வண்டியின் ஃபில்டரை நீட்டினால் வாங்காதீர்கள். முக்கால் அங்குல மரையும் 20 மில்லிமீட்டர் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். முக்கால் அங்குலத் தண்டில் 20 மில்லிமீட்டர் ஃபில்டர் தளர்வாக ஏறி உட்கார்ந்தும்விடும். ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் ஏறும்போது பிய்த்துக்கொண்டு வரும். சில நிமிடத்தில் இன்ஜின் பிடித்துவிடும்.

மாற்றும் வேலையில் கவனிக்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் ஓர் இடத்தில் தவறினால் எல்லாம் வீண். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் கேஸ்கெட் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் புதியதைத் திருகினால் இரண்டு கேஸ்கெட் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். நின்ற இடத்தில் கசியாது; நெடுஞ்சாலையில் பிதுங்கிக் கொட்டும். அதனால் கழற்றியதும் விரலால் அந்த முகப்பைத் தடவிப் பார்க்க வேண்டும். புதிய கேஸ்கெட்டில் ஒரு சொட்டு புது ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. பெல்ட் போட்டு முறுக்குவது கழற்றுவதற்கு மட்டும். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். அதுவரை ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது, டர்போ வண்டியில் கண்டிப்பாகக் கூடாது. பிறகு கீழே குனிந்து கசிவு பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்.

ஆகவே என் தீர்ப்பு இது. டீசல் பிக்கப்புக்கு ஆயில் ஃபில்டரைவிட முதலில் காசு போக வேண்டியது ஏர் ஃபில்டருக்கு. அதைக் காற்றடிக்காமல், கையேட்டில் சொன்ன தூரத்தில், தூசிப் பாதையானால் அதற்கும் முன்பாகவே, புதிதாக மாற்றுங்கள். அடுத்தது ஆயில், கையேடு சொல்லும் தரத்தில், சொல்லும் தூரத்தில். ஆயில் ஃபில்டர் ஒவ்வொரு ஆயிலோடும் மாற வேண்டும், விதிவிலக்கு இல்லாமல். உயர்விலை சிந்தெடிக் ஃபில்டர் நல்லதுதான். நம் ஓட்டத்துக்கும் நம் கணக்குக்கும் அவசியமில்லை. சாதாரண விலை ஃபில்டர் போதும், அது உண்மையானதாக இருந்தால்.

அதை உறுதிசெய்ய வண்டிக்காரர் செய்ய வேண்டியது இரண்டு வேலைகள். பில் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். மாற்றும்போது கூடவே நின்று, பழைய ஃபில்டரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெக்கானிக் தயங்கினால் கத்தரியை நீங்களே வாங்குங்கள்.