ஒரு ஓட்டுக்கு ஒரு மூச்சு

சிதம்பரம் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் வேய்ந்திருக்கின்றன என்பது ஊர் வழக்கு. அவற்றைப் பிடித்திருக்கும் ஆணிகள் 72,000. ஓடு, மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு. ஆணி, உடம்பில் ஓடும் நாடிகளின் கணக்கு. கோயிலுக்கு முதல்முறை வருகிறவர்களிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு, நான்கு நொடிக்கு ஒன்று.

ஹைக்கூவை எப்படிப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். மூன்று வரிக் கவிதை ஒரு ஓடு. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். முடித்ததும் கண்ணை அடுத்த கவிதைக்குத் தாவவிடாதீர்கள். வெளியே போன மூச்சு திரும்பி வரட்டும். வாய்விட்டு இன்னொரு முறை சொல்லுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து கவிதை போதும். சின்னப் புத்தகம்தானே என்று ஒரே அமர்வில் முடித்தால், கோயிலுக்குள் ஓடிப்போய்த் திரும்பியதுபோல் ஆகிவிடும்.

தமிழர்களுக்கு இந்த வடிவத்தை அறிமுகப்படுத்தியவர் பாரதி. புதுச்சேரியில் இருந்த நாட்களில், கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் ஜப்பானியக் கவிஞர் நோகுச்சி எழுதியதைப் படித்துவிட்டு, 1916 அக்டோபர் 16 'சுதேசமித்திர'னில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். வேண்டாத சொல் ஒன்றுகூட இல்லாத அந்தச் சுருக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1918 நவம்பரில், புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். கடலூரில் ஹைக்கூ பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த நாட்கள் நினைவுக்கு வரும். அடைத்து வைத்தால் மனிதருக்கு நேரம் கிடைக்கும், நிதானம் கிடைக்காது. நாம் தேடுவது இரண்டாவதை.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு தமிழில் முழுத் தொகுப்பு வர 68 ஆண்டுகள் ஆயின. 1974இல் அப்துல் ரகுமான் 'பால்வீதி'யில் சில எழுதிப் பார்த்தார். 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப்பூக்கள்' வந்தது; அதே ஆண்டு நம் விருத்தாசலம் பக்கத்துக்காரரான அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி'யும் வந்தது. புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் இந்த மூன்றிலிருந்து தொடங்கலாம்.

ஜப்பானிய மொழியில் ஐந்து, ஏழு, ஐந்து என்று பதினேழு ஒலிகள். அந்த ஒலி அளவு நம் அசைக்குப் பொருந்தாது. விரல்விட்டு எண்ணுவதை விட்டுவிடுங்கள். குறுகப் பாடுவது நமக்குப் புதிதும் இல்லை. ஐங்குறுநூற்றில் மூன்று அடியிலேயே பாட்டு முடிந்துவிடும். குறள் வெண்பாவைக் கவனியுங்கள்: முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்றே சீர். நான்குக்குப் பழகிய காது எட்டாவது சீருக்காகக் காத்திருக்கும். அது வராது. அந்த இடத்தில் ஒரு மௌனம் இருக்கும். பள்ளியில் மனப்பாடம் செய்தபோது மூச்சு விடாமல் அடுத்த குறளுக்கு ஓடியதால் நமக்கு அது கேட்காமலே போயிற்று. ஹைக்கூவை ரசிக்க வேண்டிய பயிற்சி இந்த எட்டாவது சீரைக் கேட்கும் பயிற்சிதான். ஜப்பானியக் கவிஞர்கள் கவிதையை இரண்டாகப் பிளக்க 'வெட்டும் சொல்' என்று ஒன்றை வைப்பார்கள். தமிழில் அந்த வேலையை வரி முறிவே செய்கிறது. எந்த வரிக்குப் பின் கவிதை மூச்சு வாங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். பாதிக் கவிதை அங்கே இருக்கும்.

இன்னொன்று, பொழுது. ஜப்பானிய ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் சொல் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது மரபு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது; மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே ஒரு கவிதையைப் படித்ததும், இது எந்த மாதம், எந்த வேளை என்று கேளுங்கள். எங்கள் பக்கம் பலாப்பழ வாசனை என்றாலே கோடை, பண்ருட்டிச் சாலையோரம். முந்திரிக் காடு முறிந்து கிடக்கிறது என்று ஒரு வரி வந்தால், 2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் அடித்த விடியல் இங்குள்ளவர்களுக்கு உடனே கண்ணில் வரும். ஒரு சொல்லுக்குள் ஒரு வருடமே உட்கார்ந்துகொள்ளும்.

நெய்தல் நிலத்துக்குச் சொன்ன சிறுபொழுது எற்பாடு, பகல் சாயும் நேரம். கடலூர் சில்வர் பீச்சில் ஒருநாள் அந்த நேரத்தில் போய் உட்காருங்கள். நமக்குக் கிழக்குக் கடல். சூரியன் அதில் இறங்காது, முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் இறங்கும். பார்க்க ஒரு காட்சியும் இருக்காது. கடல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறும். எப்போது மாறியது என்று சொல்ல முடியாது. நல்ல ஹைக்கூவில் நடப்பதும் இந்த அளவுதான்.

இதனால்தான் தமிழ் ஹைக்கூவின் ஒரு பழக்கம் எனக்கு உறுத்துகிறது. முதல் இரண்டு வரி ஒன்றைச் சொல்லும், மூன்றாவது வரி அதைத் திருப்பிப் போடும். கவியரங்கில் கைதட்டு வாங்குவது இந்த வகைதான். வறுமையையும் அநீதியையும் பற்றிய கோபம் இந்த முறையில் கூர்மையாக வந்திருக்கிறது, அதை மதிக்கிறேன். மனிதரின் நடப்பைக் குத்திக்காட்டும் கவிதைக்கு ஜப்பானில் சென்ரியு என்று தனிப் பெயரே உண்டு. ஈரோடு தமிழன்பன் அந்தப் பெயரிலேயே தமிழில் எழுதினார். ஆனால் வியப்பு ஒருமுறைதான் வேலை செய்யும். மறுநாள் காலை அதே கவிதையை எடுத்துப் படியுங்கள். திருப்பம் தெரிந்த பிறகும் உங்களை நிறுத்தி வைத்தால் அது உங்களோடு இருக்கும் கவிதை.

ரசிக்கக் கற்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒன்றை எழுதிப் பார்ப்பது. கெடிலம் ஆற்றுப் பாலத்தில் நின்று நான் முதலில் எழுதியது இது:

அவசர உலகம்
பாலத்தில் ஓடுகிறது
அசையாத கொக்கு

எழுதியபோது பிடித்திருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கொக்கு பாடம் நடத்திக்கொண்டிருந்தது. 'அவசர', 'அசையாத' இரண்டும் நான் சொல்ல நினைத்த தீர்ப்புகள். பார்த்தது வேறு. மறுபடி பாலத்துக்குப் போனேன். விழுப்புரம் பேருந்து ஒன்று அதிர்ந்துகொண்டு போயிற்று. கீழே நீரில் ஏதோ கெண்டை துள்ளியிருக்க வேண்டும்:

பேருந்து கடந்த பாலம்
நீரில் கொக்கின் நிழல்
கலைந்து கூடுகிறது

இதையும் பெரிய கவிதை என்று சொல்லமாட்டேன். ஆனால் இதில் நான் இல்லை. பேருந்துக்கும் நிழல் கலைந்ததற்கும் தொடர்பு உண்டா என்று படிப்பவர் ஒரு நொடி நிற்கலாம். அந்த நொடியைத் தர முதல் கவிதைக்கு மனமில்லை. மற்றவர் கவிதையைப் படிக்கும்போதும் இதையே தேடுங்கள்: கவிஞர் பார்த்ததைக் காட்டுகிறாரா, நான் என்ன நினைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டாரா?

அசைவின்மையை நேரில் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்குப் போகவேண்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் சுரபுன்னைக் காடு. விசைப்படகு வேண்டாம், துடுப்புப் படகில் ஏறுங்கள். குறுகிய கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இங்கே இன்னும் நிற்கிறது. கிளையை ஒடித்துவிடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. உதிரும் முன் இலை சிவக்கும். கடல்நீர் கால்வாயில் ஏறி முடித்து, வற்றத் தொடங்கும் முன் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். படகோட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப தண்ணி யோசிக்குது சார்" என்றார். நான் அவசரமாக எழுதினேன்:

சிவந்த தில்லை இலை
எந்தப் பக்கமும் போகாத நீர்

மூன்றாவது வரி அன்று வரவில்லை. ஒருமுறை துடுப்பை எழுதி அடித்தேன், ஒருமுறை நாரையை. படகோட்டி சொன்னதையே வைத்துப் பார்த்தேன். அது அவருடைய கவிதை என்று எடுத்துவிட்டேன். மூன்று வருடம் ஆகிறது. நோட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு வரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். மழை விட்டதும் சிதம்பரத்தில் இறங்கி மறுபடி கிள்ளைப் பேருந்து ஏற வேண்டும்.