லோகோஸ்: வார்த்தையும் வாக்கியமும்

யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் 'லோகோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லைப் பழைய தமிழ் விவிலியம் 'வார்த்தை' என்றும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'வாக்கு' என்றும், தெலுங்கு விவிலியம் 'வாக்யமு' என்றும் பெயர்த்துள்ளன. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். தெலுங்கில் 'வார்த்த' என்பது செய்தி; தமிழில் 'வாக்கியம்' என்பது இலக்கணத் தொடர். ஒரு மொழியின் மறைச்சொல் மறுமொழியில் அன்றாட வழக்காகிவிடுகிறது. 1853இல் தொடங்கப்பெற்ற ஆர்க்காடு மிஷன் இவ்விரு மொழிகளிலும் பணியாற்றியதால், சிக்கல் புதியதன்று.

லோகோஸ் என்பது பேச்சை மட்டுமன்றி அறிவையும் காரணத்தையும் குறிக்கும். ஸ்டோயிக்கர் உலகை ஒழுங்குபடுத்தும் அறிவை இச்சொல்லால் சுட்டினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் இப்பொருளைப் பற்றிக்கொண்டு, லோகோஸோடு வாழ்ந்த சாக்ரடீஸ் போன்றோரும் கிறித்தவரே என வாதிட்டார். இதனைச் 'சாக்ரடீஸ் வார்த்தையின்படி வாழ்ந்தார்' எனப் பெயர்த்தால், சொன்ன சொல் தவறாதவர் என்றே பொருள்படும், வாதம் மறைந்துவிடும். கிரேக்க மெய்யியலோடு தொடக்கக்காலப் போதகர் நிகழ்த்திய உரையாடலைத் தமிழ் வாசகர் அறிய இயலாது போகும்.

இவ்விழப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத் தெர்த்தூலியன், லோகோஸை இலத்தீனில் 'பேச்சு' எனப் பெயர்க்கும் வழக்கைக் குறிப்பிட்டு, பேச்சினும் அறிவே முற்பட்டது என்றார்.

மூன்று பெயர்ப்புகளுக்கும் தனித்தனி வலிமையும் குறையும் உண்டு. 'வார்த்தை' தனிச்சொல்லை மட்டும் குறிப்பதன்று; ஆசாரியர் அருளுரைகளின் தொகுப்பான 'வார்த்தாமாலை' என்னும் வைணவ நூற்பெயரே இதற்குச் சான்று. 'வாக்கு' உறுதிமொழியை நினைவூட்டினும், இன்று தேர்தல் வாக்கையும் உடன் கொணர்கிறது. பர்த்ருஹரி வாக்கியத்தைப் பிரிக்கவொண்ணாப் பொருளலகாகக் கொண்டமையால், மெய்யியல் ஆழம் மிக்கது 'வாக்யமு' எனலாம். ஆயின் தெலுங்குக் கிறித்தவ வழக்கில் அது மறைவசனத்தையும் குறிப்பதால் அவ்வாழம் எளிதில் புலப்படுவதில்லை.

ஆகவே, வழிபாட்டில் நிலைபெற்ற சொற்களை மாற்றுதல் தேவையற்றது. ஆயின் பண்டைய போதகர்தம் நூல்களைப் பெயர்ப்போர், வாதம் அறிவென்னும் பொருளைச் சார்ந்து நிற்கும் இடங்களில் 'லோகோஸ்' என்பதை அவ்வாறே நிறுத்தி விளக்கம் தருதலே பொருத்தமாகும். அப்போதகரும் பிறர் வழங்கிய சொல்லை ஏற்று, விளக்கத்தாலேயே அதற்குப் புதுப்பொருள் ஊட்டினர்.